காசு தின்ற படையெடுப்பு: ஒரு பொய் வரலாற்றின் வரலாறு

நாணயம் போட்டு ஆடும் மின்னணு விளையாட்டு இயந்திரங்களுள், 1978ஆம் ஆண்டில் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ அளவுக்குப் பொய்ச் சரித்திரம் சேர்த்துக்கொண்ட ஆட்டம் வேறொன்றைக் காண்பது அரிது. இத்தொடரின் முந்தைய பகுதிகளில் இடம்பெற்ற ‘பாங்’, ‘பிரேக்அவுட்’ போன்றவற்றுக்கும் கட்டுக்கதைகள் உண்டு என்றாலும், அவை யார் முதலில் செய்தார், யாருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது என்ற பங்காளிச் சண்டையில் பிறந்தவை. ஸ்பேஸ் இன்வேடர்ஸைச் சுற்றி வளர்ந்த கதைகளோ, ஒரு பெரிய தொழில்நாட்டின் செலாவணியே அந்த ஆட்டத்தால் தடுமாறிப்போனது என்று சொல்லுமளவுக்குத் துணிச்சல் உடையவை. ஆகவே இந்த ஆட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் நடந்ததை எழுதினால் மட்டும் போதாது. நடந்ததாக நம்பப்படுவதையும் உடன் எழுதியாக வேண்டியிருக்கிறது.

பல நூல்களிலும் இதழ்களிலும் சிதறிக் கிடப்பவற்றை ஒன்றுசேர்த்தால் கிடைக்கும் பொய் வரலாறு ஏறத்தாழ இவ்வாறு அமையும்: டோமோஹிரோ நிஷிகாடோ என்ற ஜப்பானியப் பொறியாளர் ஒரு கனவு கண்டார், அந்தக் கனவில், கிறிஸ்துமஸ் தாத்தாவுக்காகக் காத்திருந்த பள்ளிப் பிள்ளைகள்மீது வேற்றுக்கிரகவாசிகள் படையெடுத்து வந்தனர், விழித்தெழுந்த பொறியாளர் உலகின் முதல் விண்வெளிச் சண்டை ஆட்டத்தை, நுண்செயலி கொண்டு இயங்கிய முதல் ஆட்டத்தை, அதிகபட்சப் புள்ளியைத் திரையில் காட்டிய முதல் ஆட்டத்தை ஒரே மூச்சில் படைத்தார், வெளிவந்ததுமே நாடு முழுவதும் பித்துப் பிடித்தது, புழக்கத்திலிருந்த 100 யென் காசுகள் யாவும் இயந்திரங்களின் வயிற்றுக்குள் போய்விட, ஜப்பானிய அரசு நாணயச் சாலையை முடுக்கிவிட்டு, சிலர் கணக்கில் இரண்டு மடங்கும், சிலர் கணக்கில் மூன்று மடங்கும், கை தாராளமானவர்கள் கணக்கில் நான்கு மடங்கும் காசு அடிக்க நேர்ந்தது. இத்தனை செய்திகளுள் ஐயமின்றி ஏற்கத்தக்கவை பொறியாளரின் பெயர், நாட்டின் பெயர் ஆகிய இரண்டு மட்டுமே.

உண்மையான வரலாறு வோட்காவில் தொடங்குகிறது; கேட்பதற்குப் பொய்போல் இருந்தாலும் இது மெய். ஒடெஸா நகரில் 1920ஆம் ஆண்டில் பிறந்த யூதரான மைக்கேல் கோகன், 1953ஆம் ஆண்டில் டோக்கியோவில் தொடங்கிய வணிக நிறுவனமே டைட்டோ. ஜப்பானில் வோட்கா காய்ச்சி விற்பது அதன் தொடக்ககாலத் தொழில்களுள் ஒன்று. காசு போட்டால் பொருள் தரும் விற்பனை இயந்திரங்களுக்கும், காசு போட்டால் இசைத்தட்டு சுழலும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளுக்கும், பின்னர் காசு போட்டால் ஆட விடும் இயந்திரங்களுக்கும் அந்நிறுவனம் படிப்படியாக நகர்ந்தது. விற்ற சரக்கு மாறியதே தவிர, காசு விழும் துளை மாறவில்லை. ஒசாகா வட்டாரத்தில் 1944ஆம் ஆண்டில் பிறந்த நிஷிகாடோ, 1960களின் இறுதியில் டைட்டோவின் துணை நிறுவனமொன்றில் சேர்ந்து, திரையே இல்லாத மின்பொறி விளையாட்டுகளில் தொடங்கி, பின்னர் மின்சுற்றுகளால் இயங்கும் திரை விளையாட்டுகளுக்கு வந்தவர். 1974ஆம் ஆண்டின் ‘ஸ்பீட் ரேஸ்’ என்ற கார்ப் பந்தய ஆட்டமும், 1975ஆம் ஆண்டின் ‘வெஸ்டர்ன் கன்’ என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டமும் அவர் வடிவமைத்தவை. ஸ்பேஸ் இன்வேடர்ஸை எடுத்துக்கொண்டபோது அவர் அத்துறையில் பழுத்த அனுபவசாலியாக இருந்தாரேயன்றி, தூக்கத்திலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தவராக இருக்கவில்லை.

நுண்செயலி பற்றிய தவறான உரிமைக் கோரிக்கைக்கும் வெஸ்டர்ன் கன் ஆட்டத்திலேயே விடை இருக்கிறது. நுண்செயலி என்பது கணிப்பொறியின் கணக்கிடும் பகுதி முழுவதையும் ஒரே சில்லுக்குள் அடக்கிய உறுப்பு. அது வருவதற்கு முன் ஒரு விளையாட்டின் ஒவ்வொரு விதியும் பலகையில் பற்றவைக்கப்பட்ட சுற்றாகவே இருந்தமையால், விதியை மாற்ற வேண்டுமானால் பலகையையே மாற்ற வேண்டியிருந்தது. வெஸ்டர்ன் கன்னை அமெரிக்காவில் வெளியிட உரிமம் பெற்ற மிட்வே நிறுவனம், நிஷிகாடோவின் தனித்தனிச் சுற்றுகளை அகற்றிவிட்டு, இன்டெல் 8080 என்ற நுண்செயலியைப் பொருத்தி, 1975ஆம் ஆண்டில் ‘கன் ஃபைட்’ என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தம் ஆட்டம் பிறர் கையில் வேறு உடம்பு பெற்று வந்ததைக் கண்ட நிஷிகாடோ, அடுத்த படைப்பில் நுண்செயலியைத் தாமும் கையாள முடிவு செய்தார். மூத்த பிள்ளைக்குச் சேர வேண்டிய சொத்தைப் பொய் வரலாறு இளைய பிள்ளையின் பெயருக்கு எழுதிவைத்துவிட்டது. இரண்டுக்கும் தந்தை ஒருவரே என்பதுதான் இதில் வேடிக்கை.

முதன்மைப் பட்டங்களுள் எஞ்சியவற்றை நீண்ட விவாதமின்றியே தள்ளிவிடலாம். விண்வெளிச் சண்டை ஆட்டம் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1962ஆம் ஆண்டிலேயே ‘ஸ்பேஸ்வார்’ என்ற பெயரில் ஆடப்பட்டது. காசு போட்டு ஆடும் வடிவில் ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’ 1971ஆம் ஆண்டில் வந்துவிட்டது. அதுவரை எட்டப்பட்ட அதிகபட்சப் புள்ளியைத் திரையில் நிறுத்தி வைக்கும் வழக்கத்தை, மிட்வேயின் ‘ஸீ வுல்ஃப்’ என்ற நீர்மூழ்கி ஆட்டம் 1976ஆம் ஆண்டில் கைக்கொண்டிருந்தது.

கிறிஸ்துமஸ் தாத்தா கனவைப் பொறுத்தவரை, நிஷிகாடோ தம் நேர்காணல்களில் ஆட்டத்தின் ஊற்றுக்கண்ணாகச் சுட்டியது கனவை அன்று, அட்டாரி நிறுவனத்தின் பிரேக்அவுட் ஆட்டத்தை. திரையின் மேற்பகுதியில் அடுக்கப்பட்ட செங்கற்களைக் கீழிருந்து பந்தடித்து ஒவ்வொன்றாக உடைக்கும் அந்த 1976ஆம் ஆண்டு ஆட்டத்தில், கடைசிச் செங்கல்லும் விழுந்து திரை வெறுமையாகும்போது ஆடுபவருக்குக் கிடைக்கும் நிறைவே அவரை ஈர்த்தது. அந்த நிறைவைக் கெடுக்காமல், செங்கற்களுக்கு உயிர் கொடுத்து அவற்றைத் திருப்பித் தாக்க வைத்தால் என்ன என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. செங்கல்லின் இடத்தில் முதலில் அவர் வைத்துப் பார்த்தவை பீரங்கி வண்டிகளும் போர்க்கப்பல்களும் விமானங்களும் ஆகும். விமானங்களின் அசைவு அன்றைய கருவியில் இயல்பாக அமையவில்லை. மனித உருவங்களின் அசைவு நன்றாக வந்தபோதிலும், மனிதரைச் சுட்டு விளையாடுவது தகாது என்று நிறுவனம் மறுத்துவிட்டது. அமெரிக்காவில் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படம் உண்டாக்கிய அலை ஜப்பானிலும் பேசப்படத் தொடங்கியிருந்த சமயமாதலால், சுடப்படுவோர் வேற்றுக்கிரகவாசிகளாக இருந்தால் யாருடைய மனச்சான்றும் உறுத்தாது என்ற முடிவுக்கு வருவது எளிதாயிற்று. எச்.ஜி. வெல்ஸின் நாவலில் பூமியைத் தாக்கும் செவ்வாய்க் கிரகவாசிகள் எண்காலிபோல வருணிக்கப்பட்டிருப்பதை நினைவில் வைத்து, எண்காலி, நண்டு, கணவாய் ஆகிய கடலுயிர்களின் சாயலில் மூவகைப் பகைவரை அவர் வரைந்தார். மனிதரைச் சுடலாகாது என்ற நிறுவனத்தின் கண்டிப்பால் பிறந்த ஒரு படை, உலகெங்கும் ஒழுக்கக் கேட்டின் அடையாளமாகப் பின்னாளில் தூற்றப்பட்டது என்பதைப் பொய் வரலாறு எழுதியோர் ஏனோ பயன்படுத்திக்கொள்ளவில்லை. கனவைக் காட்டிலும் நல்ல கதை அதுவே.

ஓவியம், நிரல், மின்பலகை வடிவமைப்பு ஆகிய அனைத்தையும் ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் பெரும்பாலும் தனியாகவே செய்து முடித்த நிஷிகாடோ, அவற்றைச் செய்வதற்கான கருவிகளையும் முதலில் தாமே உருவாக்க வேண்டியிருந்தது. நுண்செயலிக்கு விளையாட்டு எழுதும் வழக்கமே ஜப்பானில் அப்போது வேரூன்றியிருக்கவில்லை. அவர் கையிலிருந்த வளத்தின் அளவைச் சிறிது நெருங்கிப் பார்ப்பது, பின்னர் வரும் கட்டுக்கதையைப் புரிந்துகொள்ளவும் உதவும். திரையில் நீளவாக்கில் 256, அகலவாக்கில் 224 என 57,344 புள்ளிகள் இருந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒளிரலாம் அல்லது அணைந்திருக்கலாம், அவ்வளவே. எட்டுப் புள்ளிகளை ஒரு பைட்டில் (நினைவகத்தின் அடிப்படை அலகில்) அடக்கினால், முழுத் திரைக்கும் 7,168 பைட்டுகள் வேண்டும். ஆட்டத்தின் கட்டளைகளும் படங்களும் சேர்ந்து இன்னொரு 8,192 பைட்டுகளுக்குள் முடிந்துவிட்டன. எட்டுப் புள்ளிகள் ஒரே கட்டாக இருப்பதால், ஓர் உருவத்தை ஒரு புள்ளி அளவே நகர்த்த வேண்டுமானாலும் கட்டுகளைப் பிரித்து எல்லை தாண்டி மாற்றி அடுக்க வேண்டும். நொடிக்கு 20 லட்சம் துடிப்புகளில் ஓடிய 8080 செயலி அந்த வேலைக்கு மெதுவானதாக இருந்தமையால், நகர்த்துவதற்கென்றே தனிச் சுற்றொன்று பலகையில் சேர்க்கப்பட்டது.

அப்படியும் 55 பகைவரை ஒரே நேரத்தில் நகர்த்தும் வலிமை அந்தக் கருவிக்கு வரவில்லை. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. அவ்வாறு புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறைக்கும் ஒரே ஒரு பகைவரை மட்டும் நிரல் நகர்த்துகிறது. வரிசைக்கு 11 பேராக ஐந்து வரிசையில் நிற்கும் படை முழுவதும் ஓர் அடி எடுத்து வைக்க இதனால் ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவான நேரம் பிடிக்கிறது. ஆட்டத்தின் தொடக்கத்தில் கூர்ந்து நோக்கினால், படை ஒருசேர நகராமல் கீழ் வரிசையின் ஓரத்திலிருந்து தொடங்கி ஒருவர்பின் ஒருவராக அசைந்து, அந்த அசைவு மேல் வரிசைவரை அலைபோல ஏறிச் செல்வதைக் காணலாம். பகைவர் சுடப்பட்டுக் குறையக் குறையச் சுற்று விரைவாக முடிவதால், எஞ்சியவர்களின் நடை வேகம் பெறுகிறது. கடைசியாக மிஞ்சும் ஒருவர் நொடிக்கு 60 முறை அடியெடுத்து வைத்து, திரையின் குறுக்கே வெறிபிடித்தவர்போல் ஓடுகிறார். இது முன்கூட்டித் திட்டமிடப்பட்ட உளவியல் உத்தி என்று எழுதுவோரும் உண்டு, முழுக்க முழுக்கப் பிழை என்று எழுதுவோரும் உண்டு. கருவியின் இயலாமையில் பிறந்த இந்த விளைவைக் கண்டு, இது ஆட்டத்தைக் கடினமாக்குகிறது என்பதை உணர்ந்து, திருத்தாமல் விட்டுவைத்தார் நிஷிகாடோ என்பதே உண்மை. பகைவரின் எண்ணிக்கை குறையும்போது பின்னணியில் ஒலிக்கும் நான்கு சுரங்களின் தாளமும் விரையுமாறு அவர் அமைத்ததிலிருந்து, விட்டுவைத்தது சோம்பலால் அன்று என்பது விளங்குகிறது.

நிறத்தைப் பற்றியும் ஒரு பொய் நினைவு உண்டு. தொடக்ககால இயந்திரத்தில் ஆடியவர்கள் ஆடுபவர் சுடும் பச்சைப் பீரங்கியையும் செந்நிறப் பறக்கும் தட்டையும் கண்டதாக உறுதியாகச் சொல்வர். அவர்கள் கண்டது கறுப்பு வெள்ளைத் திரையின்மேல் பட்டை பட்டையாக ஒட்டப்பட்ட வண்ண செலோஃபேன் தாளையே. இதன் காரணமாகப் பீரங்கியிலிருந்து கிளம்பும் வெள்ளைக் குண்டு, தாளின் எல்லையைக் கடக்கும்போதெல்லாம் நிறம் மாறிக்கொண்டே மேலே சென்றது. அந்தப் பறக்கும் தட்டைச் சுட்டால் கிடைக்கும் புள்ளி அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்று கருதப்பட்டதும் தவறே: ஆடுபவர் அதுவரை எத்தனை முறை சுட்டார் என்ற எண்ணிக்கையே புள்ளியைத் தீர்மானித்தது. 23ஆவது குண்டால் தட்டை வீழ்த்தினால் 300 புள்ளி, அதன்பின் ஒவ்வொரு 15ஆவது குண்டுக்கும் அதே 300 என்ற கணக்கைக் கண்டுபிடித்த ஆட்டக்காரர்கள், குண்டுகளை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே ஆடத் தொடங்கினர். மிகக் கீழே இறங்கிவிட்ட பகைவரின் குண்டு பீரங்கிக்கும் கீழேதான் தோன்றும் என்பதைக் கண்டறிந்து, அவர்களை அங்கே வரவிட்டுச் சுட்டு வீழ்த்தும் துணிச்சலான முறை ‘நாகோயா சுடுதல்’ என்று ஜப்பானில் பெயர் பெற்றது.

வெளிவந்ததுமே வெற்றி என்ற கூற்றும் நிலைப்பதில்லை. நிஷிகாடோவின் சக ஊழியர்கள் வரிசையில் நின்று ஆடிப் பார்த்தனர் என்றாலும், அவருடைய மேலாளர்கள் இது விலைபோகாது என்றே கணித்தனர். அதற்கு அவர்கள் கொண்ட காரணம் அக்கால வணிக அறிவுக்குப் பொருத்தமானதே. அதுவரை வந்த ஆட்டங்கள் பலவற்றில் காசு போட்டவருக்கு இவ்வளவு நேரம் என்ற உறுதி இருந்தது; இந்தப் புதிய ஆட்டத்திலோ கைப்பழக்கம் இல்லாதவர் சில நொடிகளில் தோற்று வெளியேற நேரும் என்பதால், அவர் மீண்டும் காசு போட மாட்டார் என்று அவர்கள் அஞ்சினர். தோற்றவர் மீண்டும் காசு போட்டதற்குக் காரணமே அவ்வளவு விரைவில் தோற்றதுதான் என்பதை 1978ஆம் ஆண்டின் பிற்பகுதி அவர்களுக்குக் கற்பித்தது. மேசை வடிவில் செய்யப்பட்ட இயந்திரங்கள் காப்பிக் கடைகளில் கோப்பை வைக்கும் மேசைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இந்த ஒரே ஆட்டத்தை மட்டும் வரிசையாக வைத்த ‘இன்வேடர் ஹவுஸ்’ என்ற கூடங்கள் நகரங்களில் முளைத்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானில் ஒரு லட்சம் இயந்திரங்கள் ஓடின என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பிற நிறுவனங்களின் போலிகளையும் சேர்த்தால் எண்ணிக்கை பல மடங்காகும் என்பர்.

நாணயத் தட்டுப்பாட்டுக் கதை இந்த உண்மையான பெருக்கத்தின்மீதுதான் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதன் வலிமை, கேட்டவுடன் கணக்குப்போலத் தோன்றுவதில் இருக்கிறது: லட்சம் இயந்திரங்கள், ஆட்டத்துக்கு ஒரு 100 யென் காசு, நாளெல்லாம் ஆட்டம், ஆகவே காசு தீர்ந்தது. கணக்கு தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுவதுதான் குறை. இயந்திரத்துக்குள் விழுந்த காசு அங்கேயே தங்கிவிடுவதில்லை. உரிமையாளர் பெட்டியைத் திறந்து எடுத்து வங்கியில் செலுத்துகிறார், வங்கியிலிருந்து அது கடைக்காரரின் கல்லாவுக்கும், கல்லாவிலிருந்து மீண்டும் அதே ஆட்டக்காரரின் சட்டைப்பைக்கும் வந்து சேர்கிறது. காசு தீர வேண்டுமானால் இயந்திர உரிமையாளர்கள் அனைவரும் தம் வருமானத்தை எடுக்காமல் பூட்டிவைக்கும் துறவிகளாக இருந்திருக்க வேண்டும்.

துறவிகளாக இருந்தார்கள் என்றே ஒரு வாதத்துக்காக வைத்துக்கொண்டாலும் கதை நிற்பதில்லை. செம்பும் நிக்கலும் கலந்த 100 யென் நாணயம், ஒரு பக்கம் செர்ரிப் பூக்களும் மறுபக்கம் 100 என்ற எண்ணும் பேரரசரின் ஆட்சியாண்டும் பொறிக்கப்பட்டு, 1967ஆம் ஆண்டு முதல் வெளியிடப்பட்டு வந்தது. அதற்கு முந்தையது வெள்ளி கலந்த நாணயம். ஒன்றின் எடை 4.8 கிராம் ஆதலால், ஆயிரம் காசு ஏறத்தாழ ஐந்து கிலோ. ஜப்பானிய நாணயச் சாலையின் ஆண்டுக் கணக்குகளைக் கூட்டினால், 1967 முதல் 1977 வரை 490 கோடிக்கு மேற்பட்ட 100 யென் காசுகள் அச்சடிக்கப்பட்டிருந்தன. ஒரு லட்சம் இயந்திரங்களில் ஒவ்வொன்றும் எந்நேரமும் ஆயிரம் காசுகளை விழுங்கி வைத்துக்கொண்டிருந்ததாகக் கொண்டால் அவை 10 கோடி, அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. போலிகளையும் சேர்த்து மூன்று லட்சம் இயந்திரங்கள் என்று விரித்தாலும் 30 கோடியைத் தாண்டாது. ஒரு தெருவில், ஒரு வார இறுதியில் சில்லறைக்குத் திண்டாட்டம் வந்திருக்கலாம். ஒரு நாட்டின் செலாவணி வற்றுவதற்கு இது போதாது.

நாணயச் சாலையின் ஏடு இதைவிடவும் இரக்கமற்றது. 1977ஆம் ஆண்டில் 44 கோடி 100 யென் காசுகள் அச்சடிக்கப்பட்டன. ஆட்டம் வெளிவந்த 1978ஆம் ஆண்டில், அதாவது ஷோவா 53ஆம் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டவை, 29.2 கோடி மட்டுமே. பித்து உச்சத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் 1979ஆம் ஆண்டிலும் எண்ணிக்கை 38.2 கோடியைத் தாண்டவில்லை. நான்கு மடங்கு காசு அடித்ததாகச் சொல்லப்படும் அரசு உண்மையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்திருக்கிறது. 1980ஆம் ஆண்டில் 58.8 கோடி என்று எண்ணிக்கை உயர்ந்ததைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் அதற்குள் இன்வேடர் ஹவுஸ்களின் காலம் முடிந்துபோயிருந்தது. 1967 முதல் 1980 வரையிலான ஆண்டுகளில் உண்மையாகவே காசு மிகுதியாக அடிக்கப்பட்டவை 1973, 1974ஆம் ஆண்டுகள்தாம்: முறையே 68 கோடியும் 66 கோடியும். அரசியல் தலைவர் இடாகாகி டைசுகேயின் உருவம் தாங்கிய 100 யென் தாளின் வழங்கல் 1974ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. தாளின் இடத்தை உலோகம் எடுத்துக்கொண்ட காலத்தோடு அந்த உயர்வு பொருந்துகிறது. இருந்தும், தாள் போய்க் காசு வந்த கதையை எவரும் தேநீர் நேரத்தில் சொல்லி மகிழ்வதில்லை. எண்காலிகள் காசைத் தின்ற கதையைச் சொல்கிறார்கள்.

இதற்கு மாறாக, கட்டுக்கதை என்று தள்ளத் தோன்றும் செய்திகள் சில மெய்யாகவே நடந்தவை. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவையில், தொழிற்கட்சி உறுப்பினர் ஜார்ஜ் ஃபௌக்ஸ், ஸ்பேஸ் இன்வேடர்ஸையும் அதுபோன்ற மின்னணு விளையாட்டுகளையும் கட்டுப்படுத்துவதற்கென்றே, அந்த ஆட்டத்தின் பெயரைத் தலைப்பில் தாங்கிய மசோதா ஒன்றை 1981ஆம் ஆண்டு மே மாதத்தில் கொண்டுவந்தார். பிள்ளைகள் பள்ளியைத் துறந்து, காசுக்காகத் திருடவும் துணிகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஆதரவாக 94 வாக்குகளும் எதிராக 114 வாக்குகளும் விழ, இருபது வாக்கு வேறுபாட்டில் வேற்றுக்கிரகப் படை தப்பித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் முதன்மையான மருத்துவ இதழொன்று, மணிக்கட்டு வலிக்கு இந்த ஆட்டத்தின் பெயரையே சூட்டிய மருத்துவர் கடிதமொன்றை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் ஆங்கில நாவலாசிரியர் மார்ட்டின் ஏமிஸ், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் முன்னுரையோடு, இத்தகைய ஆட்டங்களைப் பற்றி முழு நூலொன்றை எழுதினார்.

அட்டாரியின் புதைகுழி இவ்வகையில் தனிக் கவனம் பெறத் தக்கது. ஸ்பேஸ் இன்வேடர்ஸின் வீட்டு வடிவம் 1980ஆம் ஆண்டில் அட்டாரியின் 2600 என்ற கருவிக்கு வந்து, அந்நிறுவனத்தின் விற்பனையைப் பன்மடங்காக்கியது. அந்த வெற்றியின் போதையில் அளவுக்கு மீறித் தயாரிக்கப்பட்ட பிற ஆட்டங்கள், குறிப்பாக ‘இ.டி.’ திரைப்படத்தின் பெயரில் வந்த ஆட்டம், விலைபோகாமல் தேங்கின. விற்காத சரக்கை 1983ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ குப்பைக் கிடங்கில் அட்டாரி புதைத்தது. செய்தித்தாள்கள் அப்போதே அதை வெளியிட்டன. அச்சில் வந்த இந்தச் செய்தியை முப்பது ஆண்டுகள் பலர் வெறும் கதை என்று கருதி வந்தனர். 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் கிடங்கைத் தோண்டிக் கெட்டிப்பட்ட குப்பைக்கு நடுவிலிருந்து கேட்ரிட்ஜ்களை வெளியே எடுத்த பின்னரே அது வரலாறாக ஏற்கப்பட்டது. எந்த ஏட்டிலும் சான்று இல்லாத காசுத் தட்டுப்பாட்டை உடனே நம்பிய அதே வாசகர்கள், ஏட்டில் இருந்த புதைகுழியை மட்டும் தோண்டிக் காட்டச் சொன்னார்கள்.

பொய் வரலாறு தன் முழு வளர்ச்சியை எய்தியது, ஆட்டமே இல்லாமல் எழுதப்பட்ட வரலாற்றில். 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகர்ப்புற விளையாட்டுக் கூடங்களில், ‘பாலிபியஸ்’ என்ற இயந்திரம் திடீரெனத் தோன்றியது என்றும், ஆடியவர்கள் மறதியாலும் தீக்கனவாலும் பீடிக்கப்பட்டனர் என்றும், காசை விட்டுவிட்டு, ஆடியவர்களைப் பற்றிய குறிப்புகளை மட்டும் கறுப்பு உடையணிந்த ஆட்கள் எடுத்துச் சென்றனர் என்றும், சில வாரங்களில் இயந்திரங்கள் சுவடின்றி மறைந்தன என்றும் அந்தக் கதை சொல்கிறது. மின்பலகை, நிரல் சில்லு, பெட்டி, வணிக இதழ் விளம்பரம், விற்பனைச் சீட்டு என எதுவும் இன்றுவரை கிடைத்ததில்லை. 1981ஆம் ஆண்டின் அச்சு ஏடு எதிலும் அப்பெயர் இல்லை. இணையத்தில் 2000ஆம் ஆண்டை ஒட்டி வெளிப்பட்ட கதையை, 2003ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘கேம்ப்ரோ’ என்ற அமெரிக்க இதழ் அச்சேற்றி, உண்மையா பொய்யா என்று தீர்ப்பளிக்காமல் விட்டபின், அது தானாக நடக்கத் தொடங்கியது. 2006ஆம் ஆண்டில் ‘தி சிம்ப்ஸன்ஸ்’ தொடரில் அரசாங்கச் சொத்து என்ற முத்திரையோடு அந்த இயந்திரம் ஒரு காட்சியில் தலைகாட்டியது.

கதையைக் கட்டியவர் எவராயினும், உண்மையான செங்கற்களை எடுத்தே கட்டினார். போர்ட்லாந்தில் 1981ஆம் ஆண்டில் நெடுநேரம் ஆடிய இளைஞர்கள் உடல்நலம் குன்றியது நடந்தது. சூதாட்டத்துக்கு இயந்திரங்கள் திருத்தப்படுகின்றன என்ற ஐயத்தில் அரசு அதிகாரிகள் அப்பகுதிக் கூடங்களைக் கண்காணித்துச் சோதனையிட்டதும் நடந்தது. ‘பேட்டில்ஸோன்’ என்ற அட்டாரி ஆட்டத்தைக் கவச வண்டிச் சுடுநர்களுக்குப் பயிற்சிக் கருவியாக மாற்றித் தருமாறு அமெரிக்கத் தரைப்படை கேட்டதும், அதை வடிவமைத்த எட் ராட்பெர்க் மனமின்றி அந்த வேலையை முடித்ததும் அதே காலத்தவை. இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், அரசாங்கம் மூளையை ஆய்வு செய்த ஆட்டம் தானாகவே எழுந்து நிற்கிறது. அதற்கு இடப்பட்ட பெயர்தான் கூடுதல் குறும்பு: கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாலிபியஸ், கிரேக்கத்தின் ஆர்கேடியாப் பகுதியில் பிறந்து, ரோமப் பேரரசின் எழுச்சியை 40 நூல்களில் எழுதியவர். நேரில் காணாமலும் கண்டவரை விசாரிக்காமலும் எழுதிய முந்தைய வரலாற்றாசிரியர்களைப் பக்கம் பக்கமாகச் சாடியவர்.

2017ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் விளையாட்டு வடிவமைப்பாளர் ஜெஃப் மின்டர், பிளேஸ்டேஷன் 4 கருவிக்குப் பாலிபியஸ் என்ற பெயரிலேயே ஒரு சுடும் ஆட்டத்தை வெளியிட்டார்; இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரத்துக் கிடங்கு ஒன்றில் அசல் இயந்திரத்தைத் தாம் ஆடிப் பார்த்ததாக அதற்கு முன்பு அவர் சொல்லிவைத்திருந்தார். இதனால் 1981ஆம் ஆண்டின் இயந்திரத்தைத் தேடுவோருக்குப் புதுத் தொல்லை ஒன்று சேர்ந்திருக்கிறது: படங்களும் ஒலிப்பதிவும் பார்த்தவர் வாக்குமூலமும் இப்போது வேண்டிய மட்டும் கிடைக்கின்றன. ஸ்பேஸ் இன்வேடர்ஸுக்கு மறுமொழியாக நாம்கோ நிறுவனம் 1979ஆம் ஆண்டில் வெளியிட்டதும், செலோஃபேன் தாளின் உதவியின்றி உண்மையான வண்ணத்தில் பகைவரைத் திரைக்குக் கொண்டுவந்ததுமான ‘கேலக்ஸியன்’ ஆட்டம் அடுத்த பகுதியில் இடம்பெறும்.